மதுரை டு லண்டன்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஏன் டிக்கெட்டில் போட்ட நேரம் வரமாட்டேன் என்கிறது?

கேள்வி இதுதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். மகள் லண்டனில் இருக்கிறாள், பிரசவத்துக்காக மாசியில் கிளம்பிப் போய், சித்திரைத் திருவிழாவுக்குள் ஊர் திரும்ப வேண்டும். "மதுரைக்கும் லண்டனுக்கும் 8,360 கிலோமீட்டர்னு போட்டிருக்கு. பிளேன் 900 கிலோமீட்டர் வேகத்துல போகுதுங்கிறாங்க. அப்ப ஒன்பதேகால் மணி நேரம்தானே ஆகணும்? ஒரு டிக்கெட்ல 16 மணி நேரம், இன்னொண்ணுல 19 மணி நேரம்னு இருக்கு. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் காட்டுது. இதை நாமளே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?"

முடியும் அண்ணே. நீங்கள் சொன்ன 8,360-ம் சரி, 900-ம் ஏறக்குறைய சரி, வகுத்ததும் சரி. ஆனால் அந்த 8,360 என்பது விமானம் பறக்கும் தூரம் இல்லை, 900 என்பது தரையைப் பொறுத்த வேகம் இல்லை, டிக்கெட்டில் உள்ள 16 மணி நேரம் முழுக்கப் பறக்கும் நேரமும் இல்லை. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் குழப்பமே இருக்காது.

முதலில் தூரம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண் உண்டு. பெருங்குடியில் இருக்கும் நம் மதுரை விமான நிலையம் வடக்கே 9.83 டிகிரி, கிழக்கே 78.09 டிகிரி. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கே 51.47, மேற்கே 0.45. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் போதுமே என்று தோன்றும். மதுரை–சென்னை மாதிரி பக்கத்து ஊருக்கு உண்மையிலேயே போதும். 418 கிலோமீட்டர் வரும், பிசகாது. தூரம் போகப் போகத்தான் அது காலை வாருகிறது, ஏனென்றால் தீர்க்கரேகையின் ஒரு டிகிரி எல்லா ஊரிலும் ஒரே நீளம் இல்லை. மதுரையில் ஒரு டிகிரி கிழக்கே போனால் சுமார் 110 கிலோமீட்டர், லண்டனில் அதே ஒரு டிகிரி 69 கிலோமீட்டர்தான், துருவத்தில் பூஜ்யம். சராசரி அட்சரேகையை வைத்துச் சரிக்கட்டிப் பிதாகரஸ் போட்டால்கூட மதுரை–லண்டனுக்கு 8,800-ஐத் தாண்டி வருகிறது. 450 கிலோமீட்டருக்கு மேல் அதிகம். மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போட்டால் 2,200 கிலோமீட்டர் அதிகமாகக் காட்டும்.

சரியான வழி, உருண்டையின் மேல் அளப்பது. வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் ஒரு நூலை மதுரையில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை லண்டனுக்கு இழுத்து விறைப்பாகப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாக உட்காரும் பாதைதான் மிகக் குறுகிய பாதை. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இதே பாதை வில்லாக வளைந்து தெரியும், அதைப் பார்த்துவிட்டு "ஏன் சுத்திப் போறான்" என்று பலர் கேட்கிறார்கள். வளைந்திருப்பது படம், பாதை இல்லை. மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூலை இழுத்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். கிழக்கே பசிபிக் பக்கம் போகாது, கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பி, இமயமலையைத் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஏறி, அந்தப் பக்கமாக இறங்கும்.

நூலுக்குப் பதில் போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் சைன், காஸ் பொத்தான்கள் வரும். டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் விடை கண்டபடி வரும், பாதிப் பேருக்குக் கணக்கு உதைப்பது இங்கேதான். அப்புறம், இரண்டு ஊரின் அட்சரேகைக்கும் சைன் எடுத்துப் பெருக்குங்கள்: 0.1707 பெருக்கல் 0.7823, விடை 0.1336. அடுத்து இரண்டு அட்சரேகைக்கும் காஸ் எடுத்து, தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் சேர்த்துப் பெருக்குங்கள். இங்கே ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் வித்தியாசம் என்பது கூட்டல்: 78.09-உம் 0.45-உம் சேர்ந்து 78.54. 0.9853 பெருக்கல் 0.6229 பெருக்கல் 0.1987, விடை 0.1219. இரண்டையும் கூட்டினால் 0.2555. அதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 75.2 டிகிரி. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 8,362. நீங்கள் பார்த்த 8,360 இப்படித்தான் வந்தது.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஒரு டிகிரியை 60 பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல். அதனால் 75.2-ஐ 60-ஆல் பெருக்கினால் நேராக 4,512 கடல் மைல் வந்துவிடும். பூமி அச்சு அசலான உருண்டை இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டை, அதனால் இந்தக் கணக்கில் அதிகபட்சம் அரை சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். பயணத்துக்கு அது போதும். விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்து இணையத்தில் தேடினாலும் இதே விடைதான் வரும், ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் லண்டனில் ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று வேறு வேறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மதுரைக்குக் குறியீடு ஐஎக்ஸ்எம், ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர்.

தூரம் முடிந்தது. இனி விமானம் ஏன் அந்தக் கோட்டிலேயே போகாது என்பது. மதுரை–லண்டன் நூலின் கீழே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: அரபிக்கடல், பாகிஸ்தானின் தென்மேற்குக் கரை, ஈரான், ஆர்மீனியா–ஜார்ஜியா பக்கம், கருங்கடல், உக்ரைன், ஸ்லோவாக்கியா, ஜெர்மனி. இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி மூடியது. உக்ரைன் மீது 2022 பிப்ரவரி 24-ஆம் தேதியிலிருந்து பயணிகள் விமானமே பறப்பதில்லை. ஈரான் வான்வெளி 2025 ஜூனில் போரின்போது மூடியது. ஆக நூல் போகும் வழியில் பாதி இடத்தில் ஏதோ ஒரு சமயம் கதவு சாத்தியிருக்கிறது. இதன் விலை எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: ரஷ்யாவின் மேல் பறக்க முடியாமல் போனதும் ஹெல்சிங்கி–டோக்கியோ விமானத்துக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்தது பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. தூரக் கணக்கு மாறவே இல்லை, இரண்டு ஊரும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

அரசியல் இல்லாவிட்டாலும் தடை உண்டு. திபெத் பீடபூமிக்கு மேலே விமானங்கள் கூடியவரை போகாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், பயணிகளுக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி சுமார் கால் மணி நேரத்துக்குத்தான் வரும். கீழே தரையே 15,000 அடியில் இருந்தால் எங்கே இறங்குவது? இதையெல்லாம் சேர்த்து, பெருவட்டத் தூரத்தோடு 5 சதவீதம் கூட்டிக்கொள்வது என் வழக்கம். சண்டை நடக்கும் பகுதியைச் சுற்ற வேண்டியிருந்தால் 10 சதவீதம்.

நேரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர ஆரம்பித்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்குவது, மறுபடி ஊர்ந்து வருவது எல்லாம் இதில் அடக்கம். இந்த ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் ஆகும் நேரம் தூரத்தைப் பொறுத்து அவ்வளவாக அதிகமாகாது, சென்னைக்கும் இதே செலவு, சிகாகோவுக்கும் இதே செலவு. மதுரையிலிருந்தே பார்க்கலாம். கொழும்பு 355 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். சிங்கப்பூர் 3,015 கிலோமீட்டர், அதாவது எட்டரை மடங்கு. ஆனால் எட்டரை மணி நேரம் ஆவதில்லை, நாலேகால் மணி நேரத்தில் போய்விடுகிறது. கொழும்புப் பயணத்தில் பாதிக்கு மேல் இந்த ஏற்ற இறக்கத்திலேயே போய்விடுகிறது.

வேகமும் விமானத்துக்கு விமானம் வேறு. மதுரை ஓடுபாதை சுமார் 7,500 அடிதான், அதனால் இங்கே வருவது ஏ320, போயிங் 737 போன்ற நடுத்தர விமானங்களும், இறக்கையில் விசிறி சுற்றும் ஏடிஆரும்தான். ஏ320, 737 மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர், ஏடிஆர் 500. நீங்கள் சொன்ன 900 என்பது 777, 787, ஏ350 போன்ற பெரிய விமானங்களின் வேகம். ஆகவே நான் போடும் கணக்கு இப்படி: பெருவட்டத் தூரத்தோடு 5 சதவீதம் கூட்டு, அந்த விமானத்தின் வேகத்தால் வகு, குறுந்தூரம் என்றால் 35 நிமிடம், நெடுந்தூரம் என்றால் 40 நிமிடம் சேர். மதுரை–துபாய் 2,950 கிலோமீட்டர். கூட்டினால் சுமார் 3,100, 830-ஆல் வகுத்தால் 3 மணி 44 நிமிடம், 35 சேர்த்தால் நாலேகாலைக் கொஞ்சம் தாண்டும். டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான் இருக்கும்.

சென்னை–லண்டன் பெருவட்டத்தில் 8,235. இதே கணக்கில் பத்தேகால் மணி நேரம். ஆனால் போகும்போது பதினொன்றை ஒட்டியும் வரும்போது பத்தை ஒட்டியும் காட்டுகிறார்கள். இங்கேதான் காற்று வருகிறது, இந்தப் பாடத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுதான்.

விமானத்தின் 900 கிலோமீட்டர் வேகம் சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தது. அந்தக் காற்றே நகர்ந்தால் விமானம் அதோடு சேர்ந்து நகரும், வைகையில் வெள்ளம் ஓடும்போது நீந்துகிறவனைப் போல. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, குளிர்காலத்தில் ரொம்ப வேகமாக, சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வட இந்தியா, ஈரான் பக்கம் தை, மாசியில் இது வலுவாக இருக்கும். லண்டன் போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று, திரும்புகிறவர்களுக்குப் பின்காற்று. இதன் பலத்துக்குச் சாட்சி வேண்டுமானால், 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. 5,540 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் சராசரியே 1,120-ஐத் தாண்டுகிறது. தரையைப் பொறுத்த வேகம் இடையில் 1,300-க்கும் மேல் போனது.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம், மொத்தம் சமமாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. 8,000 கிலோமீட்டர், 900 வேகம், 100 காற்று என்று வையுங்கள். போக 800 வேகத்தில் 10 மணி, வர 1,000 வேகத்தில் 8 மணி, மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம் என்பதால் அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே பிடுங்கிக்கொள்ளும்.

நம் ஊர் வானத்தில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. ஆடி மாதம் கம்பம், தேனிப் பக்கம் போனால் காற்று மலைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வந்து ஆளைத் தள்ளும், தென்னை மட்டை எல்லாம் கிழக்கே திரும்பி நிற்கும். அதே நாளில் அதே இடத்துக்கு மேலே 12, 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் தென்னிந்தியாவின் மேல் வரும் இந்தக் கீழைக் காற்றை 1950-களில் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் ஆராய்ந்து எழுதினார். அதனால் ஆடியில் மதுரையிலிருந்து துபாய்க்குக் கிளம்பினால் முதல் பகுதியில் முதுகில் காற்று கிடைக்கும். "மேற்கே போனால் நேரம் அதிகம்" என்ற விதி இங்கே எல்லா மாதமும் செல்லாது. இருக்கைத் திரையில் தரைவேகம் என்று ஓர் எண் ஓடும், ஜன்னல் சீட் கிடைத்தால் அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

காற்றுக்காகவே தூரத்தைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு பெருவட்டத்தில் சுமார் 13,990 கிலோமீட்டர். ஏர் இந்தியா 2021 ஜனவரியில் இதைத் தொடங்கியபோது முதல் விமானத்தைப் பெண் விமானிகளே வட துருவத்தின் மேல் ஓட்டி வந்தார்கள், ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். பசிபிக் வழியாக மேற்கே வந்தால் முழுக்க எதிர்க்காற்று. பெருவட்டப் பாதை துருவத்தைத் தொடவே தொடாது, இருந்தும் துருவம் லாபம்.

லண்டன் பக்கம் இன்னொரு நேரக்கூட்டல். ஹீத்ரோவைச் சுற்றி நான்கு இடங்களில் விமானங்களை அடுக்கடுக்காக வட்டமடிக்க வைத்து, ஒவ்வொன்றாக இறக்குவார்கள். அதற்கும் சேர்த்தே நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாக நேரம் போட்டு வைக்கும். சில நாள் "அரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம்" என்று விமானி அறிவிப்பது இதனால்தான்.

கடிகாரத்துக்கு ஒரே வைத்தியம், இரண்டு ஊர் நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது. மாசியில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை 6 மணிக்குக் கிளம்பி லண்டனில் காலை 11:30-க்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால், அந்த 11:30 நமக்கு மாலை 5 மணி, ஆகப் பயணம் 11 மணி நேரம். நீங்கள் திரும்பும்போது ஒன்று மாறியிருக்கும். மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரைதான். லண்டனில் பிற்பகல் 2 மணிக்கு ஏறினால் இங்கே மாலை 6:30, சென்னையில் விடியற்காலை 4:30-க்கு இறங்கினால் 10 மணி நேரம். ஐந்தரை என்றே கணக்குப் போட்டால் 9 மணி நேரம் என்று வந்து திகைக்க வேண்டியிருக்கும். மகளிடம் அழைத்துப்போக வரச் சொல்லும்போதும் லண்டன் நேரத்தையே சொல்லுங்கள்.

இப்போது 16-ம் 19-ம் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். மதுரையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் இல்லை. சென்னை வழியாகப் போனால் 418-உம் 8,235-உம் சேர்ந்து 8,650. துபாய் வழியாக 2,950-உம் 5,495-உம் சேர்ந்து 8,445. கொழும்பு வழியாக 355-உம் 8,715-உம் சேர்ந்து 9,070. நேர்கோடு 8,360 என்பதால், துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது, வெறும் 85 கிலோமீட்டர்தான் சுற்று. சென்னைக்கு 290, கொழும்புக்கு 700. ஆனால் பறக்கும் நேரத்தைக் கூட்டினால் மூன்றுமே 12 மணி நேரத்தை ஒட்டித்தான் வரும், கொழும்பு அரை மணி நேரம் கூடலாம், அவ்வளவுதான். ஆகவே 16 மணி நேர டிக்கெட்டில் 4 மணி நேரம் காத்திருப்பு, 19-இல் 7 மணி நேரம். அதைத்தான் ஒப்பிட வேண்டும், கிலோமீட்டரை இல்லை. 700 கிலோமீட்டர் சுற்றினாலும் 3 மணி நேரத்தில் அடுத்த விமானம் கிடைத்தால் அது நல்ல டிக்கெட்.

காத்திருப்பு குறைவாக இருப்பதாலேயே நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பெட்டி மதுரையில் போட்டது லண்டனில்தான் வரும், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததற்கு மாற்றிக்கொடுப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், உள்நாட்டு முனையத்திலிருந்து சர்வதேச முனையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்றாலும் 4 மணி நேரத்துக்குக் குறைவாக நான் விடமாட்டேன். துபாயில் தனி டிக்கெட் என்றால் பெட்டி எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு விசா கேட்பார்கள். அண்ணிக்கும் உங்களுக்கும் இது முதல் வெளிநாட்டுப் பயணமாக இருந்தால் கொஞ்சம் காசு கூடினாலும் ஒரே டிக்கெட்டாகவே எடுத்துவிடுங்கள் அண்ணே.